ஏழு முடிந்தால் அம்மா வருவாள்

நீல ரிப்பன் கட்டிய அந்தப் பெண் செத்துப்போவாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் என் சித்தி. சித்தி அப்போது உயிரோடு இல்லை. அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், சித்தியின் மகளைத் தவிர.

எனக்கு அப்போது பதினோரு வயது. ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிந்து மே மாத விடுமுறை. காரைக்குடி செக்காலையில், கீழே நாங்களும் மாடியில் சித்தப்பா குடும்பமுமாக ஒரே வீடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அப்பாவின் தம்பியான சித்தப்பா, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டரும் செல்போனும் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். சித்தி நர்ஸ். மகளுக்கு நாலரை வயதாக இருக்கும்போது வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனாள். இரண்டு வருட ஒப்பந்தம். பத்தாவது மாதம், டியூட்டி முடிந்து விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்த வேன் கவிழ்ந்துவிட்டது.

உடல் திருச்சி விமான நிலையத்துக்கு வந்துசேரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அங்கிருந்து நேராகச் சித்தி பிறந்த ஊருக்கு, சருகணிப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோய், அந்த ஊர் மாதா கோயில் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள். அந்த வாரம்தான் பாப்பாவுக்கு அம்மை போட்டிருந்தது. பாப்பா என்றுதான் நாங்கள் எல்லோரும் அவளைக் கூப்பிடுவோம். உடம்பெல்லாம் முத்து. அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது என்று அவளை என் அம்மாவிடம் விட்டார்கள். நானும் அவர்களுக்குத் துணைக்கு இருந்தேன். மற்றவர்கள் எல்லோரும் கல்யாணத்துக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்கள். கல்யாணத்துக்குப் போகிற முகம் ஒன்றுகூட அதில் இல்லை. பாப்பா காய்ச்சலில் கிடந்ததால் கவனிக்கவில்லை.

முத்து இறங்கட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள். முத்து இறங்கியது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, கொஞ்சம் தேறட்டும் என்றார்கள். தேறினாள். பிறகு கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று ஆனது. அப்புறம் அவள் பிறந்தநாள் போகட்டும், ஈஸ்டர் போகட்டும். பெரியவர்களிடம் நாளுக்கு எப்போதும் பஞ்சமில்லை. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு மட்டும் அப்பாவும் சித்தப்பாவும் மெழுகுவர்த்திப் பொட்டலத்தை ஒளித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்வந்தார்கள்.

அம்மாவிடம் பேச வேண்டும் என்று பாப்பா அடம்பிடிக்கும் நாட்களில், சித்தப்பா தன் போனை எடுத்து, சித்தி முன்பு வாட்ஸப்பில் அனுப்பிய குரல்களில் ஒன்றைப் போட்டுக் காட்டுவார். "தங்கம், சாப்பிட்டியா? அக்கா சொல்றதக் கேளு. அம்மாவுக்கு டியூட்டி இருக்கு." மொத்தம் இருபது இருபத்தைந்து இருக்கும். அவற்றை மாற்றி மாற்றிப் போடுவார். பாப்பா போனுக்கு வெகு அருகில் வாயை வைத்துப் பதில் சொல்வாள். ஒருநாள், "இதே இருமல அன்னைக்கும் அம்மா இருமுச்சு" என்றாள். சித்தப்பாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் குரலை மட்டும் அவர் போடுவதில்லை.

ஒவ்வொரு முறையும் குரல் முடிந்ததும் பாப்பா சித்தப்பாவைப் பார்க்க மாட்டாள். என் பக்கம் திரும்பி, "நெசமாக்கா?" என்பாள். நான், "நெசம்" என்பேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள். சொல்லிச் சொல்லி எனக்கு அது நன்றாக வந்துவிட்டது.

சித்தி போகும்போது விட்டுப்போன சொத்து, ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க். பெங்களூரில் நர்சிங் படித்த நாளில் விடுதித் தோழிகளோடு சேர்ந்து பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஜப்பான் படங்கள் அதில் இருந்தன. கார்ட்டூன் என்று சொன்னால் சித்திக்குக் கோபம் வரும். "அனிமேன்னு சொல்லு புள்ள" என்பாள். அத்தனையும் ஒரே வகைக் கதைகள்: ஒரு சாதாரணச் சிறுமிக்கு மந்திர சக்தி கிடைக்கும், ரிப்பன்கள் சுற்றிச் சுழலும், உடுப்பு மாறும், அவள் வேறொருத்தியாகி நிற்பாள். அவற்றைப் பழையதிலிருந்து புதியது வரை அடுக்கி, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வோர் எண்ணுக்குள்ளும் பத்துப் பன்னிரண்டு பாகங்கள்.

வெளிநாட்டுக்குப் போவதற்கு முதல் நாள், துணி அடுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "வரிசைய மாத்தாமப் போட்டுக் காட்டு. அவ மெள்ள மெள்ளப் பாக்கட்டும். ஏழு வரைக்கும் நீ போடு. எட்டுல இருந்து நான் வந்துதான் போடுவேன்."

பாப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சொல்லை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

சனி, ஞாயிறு மாடி அறையில் படம் ஓடும். பேச்சு ஜப்பான் மொழி, கீழே மஞ்சள் எழுத்தில் ஆங்கிலம். அதைப் படித்துத் தமிழில் சொல்வது என் வேலை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கு, பாதிக்கு மேல் நானே கட்டிய கதைதான். பாப்பா அதையே வேதவாக்காகக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒன்றாம் எண் கறுப்பு வெள்ளை. வேற்றுலகத்திலிருந்து வந்து ஒரு குடும்பத்தில் தங்கிவிடும் குட்டி மந்திரக்காரி. அவளுடைய மந்திரமெல்லாம் கருகிப்போன குழம்பைச் சரிசெய்யவும், தொலைந்த பூனையைக் கண்டுபிடிக்கவுமே செலவாயிற்று. இரண்டிலும் மூன்றிலும் வண்ணம் வந்தது. கைக்கண்ணாடியைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் சிறுமி பெரிய பெண்ணாகிவிடுவாள். ஒருநாள் பாடகி, ஒருநாள் விமானம் ஓட்டுகிறவள், ஒருநாள் நர்ஸ். நர்ஸாகிற பாகத்தைப் பாப்பா நான்கு தடவை போடச் சொன்னாள். நான்காம் எண்ணுக்கு வந்தபோது, குழம்பும் பூனையும் போய்ப் பூதங்கள் வந்துவிட்டன. ஒருத்தி தனியாகச் சமாளிக்க முடியாமல் ஐந்து பேர் சேர்ந்து சண்டை போட்டார்கள். ஐந்தாம் எண்ணின் கடைசியில் அந்த ஐவரில் மூன்று பேர் விழுந்துவிட்டார்கள். பாப்பா வாய்விட்டு அழுதாள். அடுத்த பாகத்தில் ஒளி ஒன்று இறங்கி மூவரும் எழுந்துவந்தபோது, அழுததையே மறந்து கைதட்டினாள். ஆறிலும் ஏழிலும் பகைவர்கள்கூடச் சாகவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு நண்பர்களாகிவிட்டார்கள்.

வெகுகாலம் கழித்து, கல்லூரியில் படிக்கும்போது, இதைப் பற்றி நானாகத் தேடிப் படித்தேன். சித்தி போட்ட வரிசை அந்த வகைக் கதைகள் வளர்ந்த வரிசையேதான். முதலில் விளையாட்டாக இருந்த மந்திரம் பிறகு ஆசையாயிற்று, பிறகு கடமையாயிற்று. அதற்கும் பிறகு, எழுதுகிறவர்களுக்கே ஒரு கேள்வி வந்திருக்கிறது: சின்னப் பெண்களை இப்படிச் சண்டைக்கு அனுப்பினால் அவர்களில் ஒருத்திகூடவா திரும்பி வராமல் போக மாட்டாள்? அந்தக் கேள்வி வருகிற இடம் எட்டாம் எண். அங்கே தானும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சித்தி நினைத்திருக்கிறாள்.

விடுமுறை விட்டதும் பாப்பாவுக்கு அவசரம் வந்துவிட்டது. தினமும் இரண்டு, மூன்று பாகம் போடச் சொன்னாள். ஏழாம் எண் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிந்தது. முடிந்ததும் அவள் எழுந்துபோய் முகம் கழுவி, ஈஸ்டருக்கு எடுத்த கவுனைத் தானே மாட்டிக்கொண்டு, கீழே வந்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பதினொன்றரை மணிக்கு அம்மா பார்த்துவிட்டு, "என்ன புள்ள, இந்த வெயில்ல உக்காந்திருக்க?" என்றாள்.

"ஏழு முடிஞ்சிருச்சு பெரியம்மா. அம்மா வந்துரும்."

அம்மா உள்ளே போனாள். சற்று நேரத்தில் அடுப்படியில் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்த்தேன். மிக்ஸிக்குள் ஒன்றும் இல்லை.

மதியச் சோற்றுக்குக் கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. ஒவ்வோர் ஆட்டோ சத்தத்துக்கும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அவளை எழுப்பிக் கூட்டிவரும்படி அம்மா என்னை அனுப்பினாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வரும்ல அக்கா?"

"வரும். இன்னும் லீவு குடுக்கலையாம்."

"நெசமா?"

"நெசம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் முகம் அழுகைக்குக் கோணிக்கொண்டு வந்தது. எனக்குப் பதறிப்போயிற்று. "சித்தி போன்ல சொல்லுச்சு. வர நாளாகுமாம். எட்டையும் பாத்துரச் சொல்லுச்சு."

அதுவரை நான் சொன்ன பொய்கள் எல்லாம் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தவை. இது நானே செய்தது. பாப்பா உடனே எழுந்து கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட வந்தாள். பெரிய காரியம் ஒன்றைச் சாதித்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று பிற்பகலே எட்டாம் எண்ணைத் திறந்தோம். பயப்படும்படி அதில் ஒன்றும் தெரியவில்லை. அதே ரிப்பன்கள், இன்னும் மென்மையான வண்ணங்கள், தோளில் வந்து உட்கார்ந்து பேசுகிற ஒரு குருவி. புதிதாக மந்திரம் கிடைத்த ஒரு சிறுமிக்கு, நீல ரிப்பன் கட்டிய பெரிய பெண் ஒருத்தி எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். அவளைப் பாப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "இது நீ, அது நான்" என்று முதல் பாகத்திலேயே பங்கு பிரித்துவிட்டாள். எனக்கும் மகிழ்ச்சிதான்.

மூன்றாம் பாகத்தில் ஒரு சண்டை. நீல ரிப்பன்காரி சிரித்துக்கொண்டேதான் பாய்ந்தாள். நீளமான ஒரு நிழல் குறுக்கே போயிற்று. அவ்வளவுதான். இசை நின்றது. ரிப்பன் மட்டும் காற்றில் ஆடி ஆடித் தரையில் வந்து விழுந்தது. சிறுமி அதைக் குனிந்து எடுக்கக்கூட இல்லை. பாகம் முடிந்துவிட்டது.

"அடுத்ததுல வந்துருவா" என்றேன். பாப்பாவும், "வெளிச்சம் வரும்ல?" என்றாள்.

அடுத்ததைப் போட்டேன். வெளிச்சம் வரவில்லை. ஒரு வீடு. கறுப்பு உடுப்பில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே நீல ரிப்பன்காரியின் போட்டோ, அதைச் சுற்றி வெள்ளைப் பூக்கள். மஞ்சள் எழுத்து வந்தது. செத்துப்போய்விட்டாள் என்பதற்கான ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியும். என் நாக்கு தானாகவே வேறு சொன்னது.

"அவ வெளிநாட்டுக்குப் போயிருக்கா."

"அதுக்கு ஏன் எல்லாரும் அழுகுறாக?"

"போறான்னுதான்."

"போட்டோவுக்கு ஏன் பூ வச்சிருக்காக?"

"பொறந்தநாளு" என்றேன்.

திரையில் அந்தச் சிறுமி குருவியிடம் ஓடிப்போய்க் கெஞ்சினாள். என்ன கேட்கிறாள் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குருவி தலையை ஆட்டியது. சிறுமி அப்படியே உட்கார்ந்து, வாயைத் திறந்து, சத்தமே வராமல் அழுதாள். பாப்பா திரையைப் பார்த்தபடியே எழுந்து நின்றாள்.

"அம்மா போட்டோவுக்கும் பூ போட்டிருக்கு."

சித்தியின் போட்டோவை மாலையோடு அம்மா தன் பீரோவில் சேலைகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டியிருந்தாள். அது அங்கே இருப்பது எனக்கே ஒருமுறைதான் கண்ணில் பட்டிருக்கிறது.

"நீ எப்பப் பாத்த?"

"பெரியம்மா சேலை எடுக்கையில. மாதா படத்துக்குப் போடுற மாதிரி, அம்மாவுக்கும் போட்டிருக்காகன்னு நெனச்சேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அம்மா செத்துப்போச்சாக்கா?"

அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் பத்து மாதமாக யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆறு வயதுப் பிள்ளை அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, எப்போதும் போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிவிட்டேன். ஓடுகிற படத்தை நிறுத்தாமல், அவளை அந்த அறையில் தனியாக விட்டுவிட்டு, படியில் தடதடவென்று இறங்கி, "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

அம்மா மாடிக்கு வந்தபோது பாப்பா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அதே கேள்வியை அம்மாவிடமும் கேட்டாள். அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். அப்பா சித்தப்பாவுக்குப் போன் போட்டார். பத்து நிமிடத்தில் சித்தப்பா வந்துவிட்டார். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் அப்படியே இருந்தது. மகளுக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தார்.

"அம்மா எங்கப்பா இருக்கு?"

"அம்மாவோட ஊர்ல. கோயில் கல்லறையில இருக்கும்மா."

பாப்பா அவரை அடித்தாள். இரண்டு கையாலும் நெஞ்சிலும் முகத்திலும் மாறி மாறி அடித்தாள். அவர் கையைத் தடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அழுது, அப்படியே தூங்கிப்போனாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் எண்ணைத் திறந்ததற்கு அடி விழும் என்று காத்திருந்தேன். என்னை யாரும் கேட்கவே இல்லை.

மறுநாள் ஒரு கார் எடுத்துக்கொண்டு எல்லோருமாகச் சித்தியின் ஊருக்குப் போனோம். கல்லறையில் பூ வைத்துவிட்டு, சிமென்டில் கையை வைத்துப் பார்த்தாள் பாப்பா. வெயிலில் அது சுட்டது. "இத்தன நாளும் இங்குட்டுத்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள். "ஆமா" என்றார் சித்தப்பா. திரும்பும்போது காரில் என் அம்மாவின் மடியில் உட்கார்ந்துகொண்டாள். வழியில் கடையில் நிறுத்தியபோது என் அப்பா ஊட்டிவிட்ட இட்லியைச் சாப்பிட்டாள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. முதலில் அது எனக்கு விளையாட்டாகத்தான் தெரிந்தது. ஒரு வாரம் போயிற்று, பள்ளிக்கூடமும் திறந்தது. ஒரே ஆட்டோவில், ஒரே சீட்டில் உட்கார்ந்துதான் போவோம். என் பை அவள்மீது பட்டால் நகர்ந்துகொள்வாள். பென்சில் வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்லி என்னிடம் வாங்குவாள். காலாண்டுப் பரீட்சை லீவில்தான் ஒருநாள் தானாக என் முன்னால் வந்து நின்று, "எட்டுல மீதியப் போடு" என்றாள். நான் குதித்துக்கொண்டு மாடிக்குப் போனேன். படம் தொடங்குவதற்குள், "எழுதியிருக்கிறத அப்படியே படி" என்றாள். அப்படியே படித்தேன். தெரியாத சொல் வந்தால் தெரியவில்லை என்று சொன்னேன். நீல ரிப்பன்காரி கடைசிவரை வரவில்லை. மற்றவர்கள் அவள் இல்லாமலே வளர்ந்தார்கள். நாங்கள் அதை மூன்று நாளில் பார்த்து முடித்தோம்.

அதற்கு முன்பு, அவள் பேசாதிருந்த அந்த மாதங்களில் ஒருநாள், எனக்குத் தாங்க முடியாமல் போய்விட்டது. பள்ளிக்கூடம் விட்டு நேராகச் சித்தப்பா கடைக்குப் போனேன். அவர் யாருடைய போனையோ பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். நான் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே கேட்டேன்:

"எல்லாரும்தானே பொய் சொன்னீக? நீங்க சொன்னீக, அம்மா சொன்னாக. என்கிட்ட மட்டும் ஏன் பேச மாட்டேங்குறா?"

சித்தப்பா கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"நாங்க சொன்னத அவ நம்பவே இல்ல புள்ள" என்றார். "நீ சொன்னதத்தான் நம்புனா."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அத்தனை பெரியவர்களை விட்டுவிட்டு என்னைத்தான் அவள் நம்பினாள் என்பது, வீடு போய்ச் சேரும்வரை எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.